நாய்க்குப் போன வியாழக்கிழமைகள்

"ஏம்மா, தனியாவா போற? கூட யாரும் வரலையா?"

சாரி ஆன்ட்டி. உங்களைக் கிண்டல் பண்ணவில்லை. யார் என்ன கேட்டாலும் அதை அவர்கள் குரலிலேயே ஒரு தடவை திருப்பிச் சொன்னால்தான் கேள்வி என் மண்டைக்குள் இறங்கும். வியாதி என்று அம்மா சொல்வாள். உங்கள் குரல் நன்றாக இருக்கிறது. அந்த 'வரலையா'வைக் கொஞ்சம் மூக்கால் இழுத்தீர்களே, மதுரைப் பக்கம்தானே? அப்படிப் போடுங்க.

கூட ஆள் இருக்கிறார்கள். மூன்றாம் பெட்டியில். அப்பா, அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் என்னுடைய காலி இருக்கை. கோத்தன்பர்க்கிலிருந்து ஸ்டாக்ஹோம் வரைக்கும் மூன்றரை மணி நேரம் அந்தக் காலி இருக்கையோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டு வரலாம் என்று என்னை இங்கே நாடு கடத்திவிட்டார்கள். நாய் வைத்திருப்பவர்கள் உட்காரும் பெட்டிக்கு. ஸ்டாக்ஹோமில் இருக்கிற உங்கள் மகன் இது என்ன பெட்டி என்று தெரியாமல் உங்களுக்கு டிக்கெட் போட்டிருப்பார். என் அப்பா தெரிந்தே அனுப்பினார்.

என்ன குற்றம் என்று கேளுங்க. எங்கள் வீட்டில் நான்கு வருஷமாகத் தீராமல் கிடந்த ஒரு பிரச்சினையை நான் ஒரே ஒரு போனில் தீர்த்து வைத்தேன். அதுதான் குற்றம்.

ஓ, மாலாடா? நீங்களே பிடித்ததா? நெய் மணம் தூக்குகிறதே. குடுங்க ஆன்ட்டி. ம்ம். பிரமாதம். இருக்கட்டும், மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன்.

என் பெயர் வடிவாம்பிகை. இரண்டாயிரத்து ஒன்பதில் பிறந்த ஒரு பிள்ளைக்கு யாராவது இந்தப் பெயர் வைப்பார்களா? என் அப்பா வைத்தார். ஏன் வைத்தார்? பெயர் சூட்டுகிற அன்றைக்குத் தூரத்துப் பெரியப்பா ஒருவர் வந்து, "வடிவாம்பிகைன்னு வைடே, நல்லாருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் கதை. அம்மா மூன்று மாதமாக யோசித்து வைத்திருந்த பெயர் அன்றைக்கே செத்துப்போனது.

அப்பா பெயர் தாணுமாலயன். சுசீந்திரம். கல்யாணப் பந்தியில் பாயசக்காரர் வந்தால் எல்லாரும் இலைக்கு மேல் கையை வைத்து மறைப்பார்கள் இல்லையா, அப்பாவும் மறைப்பார். ஆனால் விரலை அகல விரித்து மறைப்பார். நடுவில் ஊற்றிக்கொள்ளலாம். அப்படி ஒரு மனிதரை லாரிக்கு பிரேக் சோதிக்கிற வேலைக்கு ஒரு கம்பெனி ஸ்வீடனுக்குக் கூப்பிட்டது. நிறுத்தவே தெரியாத ஒருவருக்கு பிரேக் வேலை. நான் சொல்லவில்லை, கடவுள் சொன்ன ஜோக்.

இங்கே அவருக்கு மேலாளர் லென்னார்ட். அறுபத்தைந்து வயது, வடக்கு ஸ்வீடன்காரர், ஆறடி நான்கங்குலம். அந்த வடக்குக்காரர்களுக்கு 'ஆமாம்' என்று சொல்வதற்கு வார்த்தையை வீணாக்கப் பிடிக்காது. உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே உறிஞ்சுவார்கள். இப்படி, ஷ்ஷுப். கேட்டீர்களா? அதுதான் ஆமாம். சூடான காபியை உறிஞ்சின மாதிரி. முதல் மாதம் அப்பா அவருக்கு ஆஸ்துமா என்று நினைத்து, பேசும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வியாழக்கிழமை லென்னார்ட் அப்பாவை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்துக்குப் பக்கத்தில், பெயர் 'பழைய நங்கூரம்'. நம் ஊர் பார் மாதிரி நினைக்காதீங்க. மரப் பலகை, மெழுகுவர்த்தி, சுவரில் ஒரு மானின் தலை, அது நாம் தின்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். நடத்துவது குனில்லா என்கிற அம்மாள். சமையலும் அவள்தான். அறுபது வருஷமாக மெனு அட்டையில் ஒரு பதார்த்தமும் மாறவில்லை என்று பெருமையாக வாசலில் எழுதிப் போட்டிருப்பாள். ஊறவைத்த மீன், இறைச்சி உருண்டை, பன்றி வறுவல், மறுபடியும் மீன். சைவம் என்று கேட்டால் அலங்காரத்துக்கு வைத்த கொத்துமல்லி மாதிரித் தழையைக் காட்டுவார்கள்.

ஆனால் வியாழக்கிழமை மட்டும் இந்த நாடு முழுக்க ஒரே சாப்பாடு. பள்ளிக்கூடம், பட்டாளம், ஆஸ்பத்திரி, பப், எல்லா இடத்திலும் மஞ்சள் பட்டாணி சூப், அதற்குப் பிறகு ஜாம் தடவிய பான்கேக். அப்பா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். மஞ்சள். கெட்டி. நம் பருப்பேதான். அதுவும் வியாழக்கிழமை. அம்மா குரு பகவானுக்கு விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, கொண்டைக்கடலை சுண்டல் செய்கிற அதே வியாழக்கிழமை. அப்பா கண் கலங்கிவிட்டாராம். 'எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பக்தி பக்திதான், இந்த ஜனங்களும் வியாழன் விரதம் இருக்கிறார்களே' என்று ஒரு பெரிய கரண்டியாக அள்ளினார்.

கரண்டியில் ரோஸ் நிறத்தில் சதுரமாக ஒன்று ஏறி வந்தது.

லென்னார்ட் சந்தோஷமாக விளக்கினாராம். "முன்காலத்தில் வெள்ளிக்கிழமை விரதம். அதனால் வியாழக்கிழமையே பன்றிக்கறி போட்டு நிறையச் சாப்பிட்டுக்கொள்வார்கள்." விரதம் சரிதான். கிழமைதான் ஒரு நாள் தள்ளிவிட்டது.

"நல்லா இருக்கா?" என்று லென்னார்ட் கேட்டார். அப்பாவுக்கு அப்போது ஸ்வீடிஷில் தெரிந்ததே இரண்டு வார்த்தை. 'மிக்கெ கொத்'. ரொம்ப ருசி என்று அர்த்தம். சொல்லிவிட்டார். லென்னார்ட் காற்றை உறிஞ்சினார். "அப்படியானால் இனிமேல் எல்லா வியாழக்கிழமையும்."

நான்கு வருஷம், ஆன்ட்டி. விடுமுறையெல்லாம் கழித்தால் ஒரு நூற்று எண்பது வியாழக்கிழமை. ஏழு தலைமுறைச் சைவம். வீட்டில் முட்டை போட்ட கேக் வந்தால் அம்மா ஜன்னலைத் திறந்து வைப்பாள்.

என்ன செய்தார் என்றால், சூப்பை மேலாக இரண்டு கரண்டி குடிப்பார். சதுரங்களை ஒவ்வொன்றாக உதட்டில் ஒற்றுகிற மாதிரி டிஷ்யூவுக்குள் மாற்றுவார். டிஷ்யூ மேசைக்கு அடியில் போகும். அங்கே லென்னார்ட்டின் நாய் படுத்திருக்கும். சிக்ஸ்டன் என்று பெயர், தரையோடு தரையாக நீளமாக ஒரு நாய், மடித்து வைத்த பெல்ட் மாதிரி. அது அப்பாவைப் பார்த்தாலே வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் விழும். லென்னார்ட் ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: "சிக்ஸ்டன் யாரையும் அவ்வளவு சுலபமாக நம்பாது. தானு நல்ல மனிதன் என்று அதற்குத் தெரிகிறது."

தானு. அப்பாவைத்தான். முழுப் பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் ஓய்வு வயது வந்துவிட்டது அவருக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன குளிர்காலத்தில் சூயிங்கம் தேடி அப்பாவின் கோட்டுப் பையில் கைவிட்டேன். டிஷ்யூ பொட்டலம். உள்ளே காய்ந்துபோன ரோஸ் சதுரங்கள். அன்றைக்கு சிக்ஸ்டனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது. நான் பொட்டலத்தோடு போய் நின்றேன். அப்பாவின் முகம் பிடிபட்ட ஜேப்படிக்காரன் மாதிரி ஆனது.

"மக்கா, அம்மாட்ட மட்டும் சொல்லீராத."

"அப்பா, 'எனக்கு வேண்டாம்'னு சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்தை."

"நாலு வருஷம் கழிச்சு எப்படி மக்கா சொல்ல?"

"முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"முதல் நாள் எப்படிச் சொல்ல?"

பாருங்க. இவருக்குச் சொல்வதற்கு ஒரு நாளே கிடையாது.

எனக்கு இந்தப் போலி மரியாதையெல்லாம் பிடிக்காது. எங்கள் வீட்டிலேயே முகத்துக்கு நேரே 'வேண்டாம்' சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதினான்கு வயதில் நான் வீகன் ஆனேன். பால், தயிர், வெண்ணெய், நெய், தேன், எதுவும் கிடையாது. தட்டைத் தள்ளி, "மாட்டோடது எனக்கு வேண்டாம்" என்று சொன்னேன். தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த அம்மா, "ஏட்டி, நாம என்ன மாட்டையா திங்கோம்?" என்று அழுதாள். நான் அசையவில்லையே.

என்ன ஆன்ட்டி, டப்பாவையே பார்க்கிறீர்கள்? ஓ. இது. இது வேற. பிரயாணத்தில் ஒன்று இரண்டு... நல்ல மாலாடு, நீங்கள் வருத்தப்படாதீங்க. கதையைக் கேளுங்க.

இந்த மே மாதத்தோடு லென்னார்ட்டுக்கு ஓய்வு. அவர் இடத்துக்கு யார் என்று அவர் கைகாட்டுகிறவர்தான். அந்த நாற்காலி கிடைத்தால் அப்பாவுக்கு நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ஜூனோடு சரி, நாங்கள் மூட்டை கட்டவேண்டியதுதான். அம்மா அதற்குள் பெரிய பெட்டிகளை ஒருமுறை இறக்கித் தூசு தட்டி மறுபடி ஏற்றி வைத்திருந்தாள், சும்மா, ஒரு பயிற்சிக்கு. அந்தச் சமயத்தில்தான் லென்னார்ட் வந்து, "வியாழக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு 'பழைய நங்கூர'த்துக்கு வா, நம் சூப் உன் மனைவிக்கும் பிடிக்கட்டும், அங்கே வைத்து ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா என்ன சொல்லியிருப்பார்? ஆமாம் என்றுதான்.

அம்மா கேட்டாள்: "அங்க நமக்குச் சாப்பாடு கிடைக்குமா?"

"அங்க பூரா பருப்புதான் கோமதி." இது அப்பா.

அந்த வாரம் அப்பா தூங்கவில்லை. சூப் வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், சூப் வேண்டாம் என்றால் லென்னார்ட்டுக்குத் தெரிந்துவிடும். மனிதர் இணையத்தில் 'ஒரு நாள் மட்டும் காய்ச்சல் வர' என்று தேடினதை நான் பார்த்தேன். சரி, பெற்றவராயிற்றே என்று பாவம் பார்த்து வேலையை நான் கையில் எடுத்தேன்.

குனில்லாவுக்கு போன் போட்டேன். யார் குரலில்? அப்பா குரலில். அப்பா ஸ்வீடிஷ் பேசினால் எப்படி இருக்கும் தெரியுமா? கோயில் பிரகாரத்தில் செருப்பில்லாமல் மத்தியானம் நடக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். "சாரி... ஹலோ... சாரி... நான் தானு பேசுகிறேன்... சாரி. வியாழக்கிழமை எங்கள் மேசைக்கு மட்டும் எல்லாம் வீகனாக இருக்கணும். ஆனால் பார்வைக்கு எப்போதும் போலவே இருக்கணும். லென்னார்ட்டுக்குத் தெரியக் கூடாது. சாரி. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. சாரி."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு குனில்லா, பீப்பாய் உருளுகிற மாதிரி ஒரு குரல் அவளுக்கு, "கடைசியில் போன் பண்ணினீர்களே, அதுவே சந்தோஷம்" என்றாள்.

மேசைக்கு முன்பதிவு செய்யாமல் இருந்திருக்கிறோம், அதைச் சொல்கிறாள் என்று வைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும்தான். சொன்னால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் தவிர, எனக்கும் கொஞ்சம் வேடிக்கை வேண்டாமா?

வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணி, வெளியே பட்டப்பகல் வெயில். அம்மா மஞ்சள் பட்டுச் சேலைக்கு மேல் குளிர்கோட்டு. அன்றைக்கு விரதம் வேறு, சூப் பருப்பு என்பதால் அவளுக்கு ரொம்பத் திருப்தி. லென்னார்ட், அவர் காலடியில் சிக்ஸ்டன், எதிரே அப்பா, சட்டைப் பையில் எட்டு டிஷ்யூ. நான் எண்ணினேன்.

குனில்லா கொண்டுவந்து வைத்தாள் பாருங்க. ஊறவைத்த மீன் மாதிரியே கடுகுச் சாறில் கத்திரிக்காய். ராஜ்மாவும் பீட்ரூட்டும் பிசைந்த உருண்டை, ஓட்ஸ் பாலில் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு, சிவப்பு லிங்கன் பழ ஜாம். மொறுமொறு ரொட்டி; அம்மா சூப் வரும்வரை அதை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள். லென்னார்ட் ஓர் உருண்டையை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "குனில்லா, நாற்பது வருஷத்தில் இவ்வளவு நன்றாக நீ செய்ததில்லை" என்றார். குனில்லா என்னைப் பார்த்தாள். நான் மானைப் பார்த்தேன். அது மட்டும்தான் அந்த அறையில் நிஜ இறைச்சி.

பிறகு சூப். மஞ்சள் சூப், ரோஸ் சதுரம்.

அப்பாவுக்கு நெற்றியில் வியர்வை. அம்மா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு பத்தலை. பெருங்காயம் போடலை. மத்தபடி பருப்புதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். சதுரத்தையும் மென்றாள். "கிழங்கு நல்லா வெந்திருக்கு." அப்பா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். மனைவி பன்றியைக் கிழங்கு என்று மெல்லுகிறாள், தடுக்கவும் முடியாது, தடுக்காமல் இருக்கவும் முடியாது. அவர் கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்துகொண்டே இருந்தது. கரண்டி, உதடு, டிஷ்யூ, மேசைக்கு அடியில். கரண்டி, உதடு, டிஷ்யூ. கீழே சிக்ஸ்டன் சப்புக் கொட்டுகிற சத்தம். எனக்குச் சிரிப்பில் வயிறு வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆன்ட்டி, ஒரு மனிதர் பயந்து பயந்து ஒரு நாய்க்குக் கிழங்கைக் கடத்துகிறார். யாரால் அடக்க முடியும்?

எழுந்தேன். அப்பா குரலில், அப்பா மாதிரியே கையைப் பிசைந்துகொண்டு அறிவித்தேன்: "சாரி. ஹலோ. சாரி. இந்த மேசையில் இருப்பது எல்லாம் வீகன். மிக்கெ கொத்."

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

லென்னார்ட் கரண்டியைக் கீழே வைத்தார். குனிந்து மேசைக்கு அடியில் கிடந்த ஒரு சதுரத்தை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "தானு," என்றார், "நீ ஏன் என் நாய்க்கு இரகசியமாகக் கிழங்கு கொடுக்கிறாய்?"

"கிழங்கா?" என்றார் அப்பா.

அப்போதுதான் குனில்லா உள்ளே போய் ஒரு சின்னப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரு ஆள் அளவுக்கு, அடி கறுத்துப்போன பாத்திரம். "இது தானுவுடையது," என்றாள். "முதல் இரண்டு வாரம் மேசைக்கு அடியில் பெருக்கும்போது டிஷ்யூவில் கறித்துண்டு கிடந்தது. அவருக்குக் கறி ஆகாது என்று தெரிந்தது. சொல்லப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, சரி, நாமும் சொல்ல வேண்டாம் என்று மூன்றாம் வாரத்திலிருந்து இவருக்குத் தனியாக வைக்கிறேன். தண்ணீரிலேயே வேகவைத்த பட்டாணி. கிழங்கைப் புகை காட்டி, பீட்ரூட் தண்ணீரில் ஊறவைத்துச் சதுரமாக நறுக்குவேன், லென்னார்ட் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்க. அதையும் டிஷ்யூவில் போட்டார். கிழங்கும் பிடிக்காது போல என்று மறு வருஷம் காரட் போட்டேன். காரட்டும் நாய்க்குத்தான் போனது. பிறகு நானும் மறுபடி கிழங்குக்கே போய்விட்டேன்."

நான்கு வருஷம் ஆன்ட்டி. ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை, ஒரு வார்த்தை இவர் சொல்லவில்லை. நடுவில் ஒரு நாய் காய்கறி தின்று வளர்ந்திருக்கிறது.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஏட்டி, என்ன சொல்லுதா?" நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். சதுரம் சதுரமாக நறுக்கிப் போடுகிற பார்வை. பிறகு மெதுவாக, "ரெண்டு வாரம்தானே. அதுக்குப் பரிகாரம் இருக்கு. பொய் சொன்னதுக்குத்தான் என்ன பரிகாரம்னு பார்க்கணும்" என்றாள்.

லென்னார்ட் மட்டும் பேசவில்லை. இந்த ஊரில் யாராவது பேசாமல் இருந்தால் பயப்படத் தேவையில்லை, அதுதான் இயல்பு. ஆனால் இது வேறு மாதிரி. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நூற்று எண்பது வியாழக்கிழமை உன்னிடம் நல்லா இருக்கா என்று கேட்டேன். நூற்று எண்பது தடவை நல்லா இருக்கு என்றாய். வேலையிலும் நான் கேட்டால் நீ ஆமாம் என்கிறாய். சோதனை முடியுமா? ஆமாம். ஆள் போதுமா? ஆமாம். இதில் எது ஆமாம், தானு? பிரேக் விஷயம் இது. 'சூப் சரியில்லை' என்று என்னிடம் சொல்ல முடியாத ஆளிடம் என் நாற்காலியை எப்படிக் கொடுப்பது?"

"என்ன சொல்லுதாரு?" என்றாள் அம்மா. நான் லென்னார்ட் குரலில், அதே ஜன்னல் பார்வையோடு, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா திரும்பினார்.

"வடிவு. உன் குரல்ல சொல்லு."

என் குரலா? அதில் சொன்னால் என்ன சுவை இருக்கும்? ஆனாலும் சொன்னேன். ஏதோ பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி வந்தது. அம்மா கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வீட்டுப் பரணில் இருக்கிற பெட்டிகளை நினைத்தாள் என்று நினைக்கிறேன்.

அப்பா மிச்சமிருந்த டிஷ்யூக்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எழுந்து நின்றார். ஸ்வீடிஷில், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், "இல்லை" என்றார்.

எல்லாரும் காத்திருந்தோம்.

"இல்லை. சூப் நல்லா இல்லை. நான்கு வருஷமாக உப்பு இல்லை. மே பன்னிரண்டாம் தேதி பிரேக் சோதனை முடியும் என்று சொன்னேன். முடியாது. ஜூன் கடைசி ஆகும், அதுவும் இன்னும் இரண்டு ஆள் கொடுத்தால். போன அக்டோபரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டீர்கள், முதுகுவலி என்றேன். முதுகுவலி இல்லை. வரப் பிடிக்கவில்லை. காபி இடைவேளையில் நீங்கள் சொல்கிற ஜோக்குகளில் பாதி எனக்குப் புரியவில்லை. சிரித்தேன்." கொஞ்சம் யோசித்தார். "சிக்ஸ்டனைப் பிடிக்கும். அது நிஜம்."

உட்கார்ந்துவிட்டார். சிக்ஸ்டன் அவர் காலில் தலையை வைத்தது, அதற்கு இன்னும் கிழங்கு வரும் என்கிற நம்பிக்கை.

லென்னார்ட் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதட்டைக் குவித்தார்.

ஷ்ஷுப்.

அவ்வளவுதான் ஆன்ட்டி. அதுதான் நாற்காலி. திங்கட்கிழமை கடிதம் வந்தது, ஆனால் அது வெறும் காகிதம்.

குனில்லாவுக்குத்தான் கோபம். உள்ளேயிருந்து உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் 'டொம்' என்று வைத்தாள். அம்மா கைப்பையைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்து லென்னார்ட் தட்டில் ஒரு துண்டு வைத்தாள். அவர் வாயில் போட்டார். கழுத்துவரைக்கும் சிவந்தது. "குட்?" என்று அம்மா கேட்டாள். லென்னார்ட் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இல்லை" என்றார். முதலில் சிரித்தது அப்பாதான். இந்தத் தடவை ஜோக் புரிந்துவிட்டது.

இப்போது சொல்லுங்க. யாரால் இவ்வளவும் நடந்தது? என்னால். எனக்கு என்ன கிடைத்தது?

அப்பாவுக்கு 'இல்லை' சொல்ல வந்துவிட்டது, அதுதான் கிடைத்தது. புது சைக்கிள் வாங்கின பிள்ளை மாதிரி காரணமே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஜூலையில் சிநேகிதிகளோடு இசை விழாவுக்குப் போகலாமா? இல்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாமா? இல்லை. இன்றைக்குக் காலையில் பாஸ்போர்ட் விஷயமாகத் தூதரகத்துக்கு அப்பா குரலில் நானே போன் பண்ணி நேரம் கேட்டேன், உதவிதானே? "இல்லை. நீ நாய்ப் பெட்டியில போய் உக்காரு." இந்த 'இல்லை'யை அன்றைக்கே அந்தப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் என்னைக் குனில்லாவிடம் மன்னிப்புக் கேட்க அனுப்பினார்கள். போய் நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள்: "போனில் நீதான் என்று அப்போதே தெரியும். உங்கப்பா ஒரு பேச்சுக்கு ஒரு தடவைதான் சாரி சொல்வார். நீ அஞ்சு தடவை சொன்னாய்." தப்பு செய்தாய் என்று திட்டியிருந்தால் பரவாயில்லை ஆன்ட்டி. மாதிரியே இல்லை என்கிறாள். பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் கேட்டு வளர்ந்த குரல். மாதிரி இல்லையாம்.

எல்லாரும் நடிக்கிறார்கள், அதுதான் என் வருத்தம். அப்பா ஒரு பக்கம், குனில்லா ஒரு பக்கம், ஒருவர் மனம் ஒருவருக்கு நோகக் கூடாது என்று நான்கு வருஷம். நேராகச் சொல்லிவிட்டால் என்ன? நானெல்லாம் அப்படி இல்லை. பிடிக்கவில்லையா, ஆகாதா, முகத்துக்கு நேரே...

என்ன ஆன்ட்டி? யாரோட நாய்? எதிர் சீட்டுக்காரருடையது போல. தூங்கிவிட்டார் பாருங்க, கயிற்றை விட்டுவிட்டு. போ. போ அந்தப் பக்கம். ஏன் என் ஜாக்கெட் பையையே முகர்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏய். இழுக்காதே. விடு.

இது டிஷ்யூதான் ஆன்ட்டி. சளி பிடித்திருக்கிறது.

இன்னொன்றா? ஐயோ, உங்கள் மகனுக்கு என்று எடுத்துப் போவது... சரி, குடுங்க. பிரமாதம் ஆன்ட்டி. கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்களேன், அங்கே ஏதோ ஏரி வருகிறது.